வளைவில் ஒரு பிரெஞ்சுப் பரீட்சை

என் எழுத்துப் பிழைகளை முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது இன்றுவரை எனக்குக் குத்துமதிப்புதான். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே எழுதுகிறேன்.

பெருமாள்மலைக்குக் கீழே, பழனி ரோட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு. மலையில் விளையும் பீன்ஸையும் சௌசௌவையும் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கீழே சந்தைக்குக் கொண்டுபோவது என் வேலை. என் மகள் கல்லூரி முடித்தபின் போன் வழியாகப் பிரெஞ்சு படித்தாள். அந்தப் படிப்பில் தேறினால் புதுச்சேரியில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் சிக்னல் கிடையாது. மலை இறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மட்டும் நன்றாகக் கிடைக்கும். லோடு ஏற்றிக்கொண்டு வந்து அங்கே வண்டியை ஓரங்கட்டுவேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே படிப்பாள். நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்பேன்.

எல்லாவற்றையும் படித்துவிட்டாள். ஒன்று மட்டும் உயிரை எடுத்தது. ஒருவர் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று முன்பு யாராவது விரும்பியிருந்தால், அல்லது செய்துவிடுவாரோ என்று பயந்திருந்தால், அதைச் சொல்வதற்குப் பிரெஞ்சில் தனியாக ஒரு வினை வடிவம் இருக்கிறதாம். ‘பேசு’ என்ற சொல்லை வைத்து அதைப் பழகினாள். வண்டி ஓட்டிக்கொண்டே நான் ஆளைச் சொல்வேன், அவள் சொல்லைச் சொல்வாள்.

“நான்.”

“பர்லாஸ்.”

“நீ.”

“பர்லாஸ்.”

“ரெண்டும் ஒண்ணாத்தான ஆத்தா இருக்கு?”

“எழுத்துல வேறப்பா. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

‘அவன்’ என்றால் பர்லா. ‘நாங்கள்’ என்றால் பர்லாசியோன், ‘நீங்கள்’ என்றால் பர்லாசியே. ‘அவர்கள்’ என்றால் மறுபடியும் பர்லாஸ். இந்த ஒன்று பிடிபட்டால் இதேபோல் எத்தனையோ சொற்களுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

“இப்ப இதப் பேசுனா பிரெஞ்சுக்காரங்களே சிரிப்பாங்கப்பா. புத்தகத்துலதான் கெடக்கு.”

“அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?”

“பரிச்சைல கேப்பாங்கல்ல? ‘அப்பா வாயத் தொறந்து பேசணும்னு அம்மா ஆசப்பட்டாங்க.’ அந்தப் ‘பேசணும்’ இருக்குல்ல, அங்க பர்லா வரும்.”

சாயந்திரம் இதைக் கேட்ட என் மனைவி, “ஆசப்பட்டேனா? இன்னும் பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

போன வருடம் வாய்மொழிப் பரீட்சை வந்தது. அதே வளைவில்தான் நிறுத்தினேன். ஒன்றை நாங்கள் யோசிக்கவே இல்லை. மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தே ஆக வேண்டும். பாடம் நடந்த நாட்களில் பேசியதெல்லாம் ஆசிரியைதான், இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சையிலோ இவள் பேச வேண்டும். தைப்பூசம் நெருங்கிய நேரம் வேறு, வண்டி மேல் வண்டி. ஹாரன் சத்தத்தில் இவள் சொன்னது பரீட்சை வைத்த அம்மாவுக்குக் கேட்கவே இல்லை. அவர் அரை மணி நேரம் கழித்து இன்னொருமுறை கூப்பிடுவதாகவும் அதற்குமேல் வாய்ப்பில்லை என்றும் சொல்லிவிட்டார். அதற்குள் சிக்னல் கிடைக்கும் வேறு இடத்துக்குப் போய்ச் சேர முடியாது. மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. கழுத்துத் துண்டை உருவிக்கொண்டு ரோட்டில் நின்று கை காட்டினேன். மேலிருந்து வந்த பேருந்து நின்றது.

“என்ன அண்ணே, வண்டி கவுந்துருச்சா?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“இல்லைங்க. ஆரன் அடிக்காமப் போகணும்.”

“ஆரன் அடிக்காம இங்க திரும்பவா? உசுரு மேல ஆச இல்லையா ஒங்களுக்கு?”

“பாப்பாவுக்குப் பரிச்சைங்க. போன்ல. வண்டிக்குள்ள இருக்கு.”

“என்ன பரிச்சை?”

“பிரெஞ்சுங்க.”

“ஏலே, பிரெஞ்சாம்ல!” என்று நடத்துனர் சிரித்தார். “எங்களுக்குத் தமிழே தடுமாறுது.” சிரித்துக்கொண்டேதான் கீழே இறங்கினார். “நீங்க மேல் பக்கம் நில்லுங்க. நான் கீழ்ப் பக்கம் பாத்துக்கிடுறேன். விசில் ஊத மாட்டேன், பயப்படாதீக.” ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

ரோடு வேலை நடக்கும்போது செய்வதுபோல ஒரு பக்கத்தை நிறுத்தி மறு பக்கத்தை விட்டோம். எதிரே வண்டி இல்லை என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் சத்தமில்லாமல் வளைவைக் கடந்து போனார்கள். ஒவ்வொரு வண்டியிடமும் நான் அதே பேச்சைப் பேச வேண்டியிருந்தது. கூச்சத்தில் முன் டயரைப் பார்த்தே பேசினேன். பச்சை வேட்டி கட்டிய பழனி பக்தர்களின் வேன் ஒன்று அரோகரா போட்டுக்கொண்டு வந்தது. விஷயம் தெரிந்ததும், “புள்ள படிக்குதுப்பா, மெதுவா” என்று ஒரு பெரியவர் அதட்ட, வேன் முழுக்க ரகசியம் பேசுவதுபோல “அரோகரா” என்றார்கள்.

பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் மகளின் உதடுகள் மட்டும் தெரிந்தன. அவை குவிந்தபோது பர்லாசியோனுக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகும் வெகுநேரம் பேசினாள். கடைசியில் கதவைத் திறந்தாள்.

“கேட்டத எல்லாம் சொல்லிட்டேன்ப்பா.”

“அண்ணே, இப்ப அடிச்சுக்கலாமா?” என்று ஓட்டுநர் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து எனக்கு வாயே வரவில்லை. நடத்துனர் ஓடிப்போய் ஏறிக்கொள்ள, பேருந்து நகர்ந்துவிட்டது.

மகள் தேறினாள். இப்போது புதுச்சேரியில் வேலையில் இருக்கிறாள். அந்த ஓட்டுநருக்கும் நடத்துனருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று நாளும் நினைக்கிறேன். டயரைப் பார்த்தே பேசியதால் ஓட்டுநரின் முகமே எனக்குத் தெரியாது. அதனால் எதிரே வருகிற எல்லாப் பேருந்துக்கும் கையை உயர்த்துகிறேன். சிலர் திரும்பக் கை காட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் அவராக இருக்கலாம்.

மாசி மாதம், முதல் வெள்ளிக்கிழமை.