நாலாவது மாடியில் சிவப்புத் துண்டு

போர்ட் பிளேயரில் அப்போது நாலு மாடி என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். தகரக் கூரைகளுக்கு நடுவே அரசாங்கம் கட்டிய புது ஆபீஸ் அது. கீழே சுவரே கிடையாது, வெறும் தூண்கள். முன்னால் அகலமான சிமெண்டு முற்றம். ஆபீஸில் வேலை இருக்கிறதோ இல்லையோ, ஊரே அங்கே வந்து உட்காரும். மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால்தான் மெட்ராஸ் கப்பல் வருவது முதலில் தெரியும். தெரிந்ததும் அங்கிருந்த தெலுங்குக் கிளார்க் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவார். முற்றம் காலியாகிவிடும். கடிதம், வெங்காயம், சொந்தக்காரர்கள் எல்லாம் அந்தக் கப்பலில்தான் வர வேண்டும்.

அந்த முறை வரவிருந்தவர் அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளை. ராமநாதபுரத்துக்காரர், போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தோம். துண்டைக் கண்டதும் ஓடி வந்து சொல்லும்படி அம்மா என்னைக் காவல் வைத்தாள். பத்து வயதில் கிடைத்த முதல் உத்தியோகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மட்டும் வாசலில் மறித்து, "மொதல்ல என்கிட்ட வந்து சொல்லுடி. அம்மாகிட்ட மூச்சு விடாத" என்றாள்.

கப்பல் இரண்டு நாள் தாமதம். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் துண்டு தெரிந்தது. குழாயடியில் நின்ற அக்கா குடத்தை அப்படியே போட்டுவிட்டு என்னோடு ஓடி வந்தாள். தூணருகே அந்தக் கிளார்க்கே காத்திருந்தார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன், இன்றே உன் அப்பாவிடம் பேசிவிடுகிறேன் என்று அக்காவிடம் இந்தியில் சொன்னார். எங்கள் அப்பாவிடம் இவருக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை.

"ஜல்தி ஆவோ" என்று அக்கா அவரை அவசரப்படுத்தினாள். அவர் படிகளில் தாவி ஏறினார்.

சேதி தாமதமானால் முதுகுத் தோல் உரிவது எனக்குத்தான். அக்கா கூப்பிடக் கூப்பிட, பக்கத்துச் சந்திலிருந்த வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அக்கா எங்கே என்று கேட்டதற்கும் பதில் சொன்னேன். அம்மா வந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அக்கா படிக்கட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

தலை சீவி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு அவர் இறங்கி வந்தபோது முற்றத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"தீதி கிதர்?" அக்கா எங்கே என்று கேட்டார்.

"கர் கயா. தூல்ஹா ஆ கயா நா!" வீட்டுக்குப் போய்விட்டாள், மாப்பிள்ளை வந்துவிட்டாரே என்று எனக்குத் தெரிந்த இந்தியில் பெருமையாகச் சொன்னேன்.

அவர் அப்படியே வெறும் சிமெண்டில் உட்கார்ந்துவிட்டார். நாலு மாடி இறங்கிய களைப்பு போலிருக்கிறது என்று நினைத்து, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.