நாலு மணிப் பட்டியல்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன்; அதில் ஒன்று நான் பெறாதது. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

1980களில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தேன். நான் குடியிருந்த தேக்காவிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போவேன். சாப்பாட்டுத் தட்டுகளை வண்டியில் அடுக்கி வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முன்பெல்லாம் யாருக்குக் கஞ்சி, யாருக்குச் சோறு, யாருக்கு ஒன்றுமே கூடாது என்று நர்ஸ்கள் போனில் சொல்வார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் போன் கூடாது என்றார்கள். வார்டில் ஒரு கம்ப்யூட்டரில் தட்டுவார்கள். சமையலறைக்கு வேறொன்று. காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அங்கே இருப்பது தானாக இங்கே வந்து பட்டியலாக அச்சாகும். அதில் பெயர் இல்லையென்றால் தட்டு இல்லை. அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆபரேஷனுக்குப் போகிறவர் வயிற்றில் சோறு இருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒருநாள் மதியம் குழந்தைகள் வார்டில் ஒரு சிறுமி என் வண்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆறு வயது இருக்கும். முந்தின இரவிலிருந்து பட்டினி. ஆபரேஷன் தள்ளிப் போய்விட்டதாம்.

“சாப்பிடலாம்னு பத்தரைக்கே தட்டிட்டேன் அக்கா. உங்களுக்கு நாலு மணிக்குத்தான் வரும்” என்றாள் நர்ஸ்.

“என் பேரு மட்டும் ஏன் ஆன்ட்டி இல்ல?” என்றது பிள்ளை.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். உள்ளே ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர். கழுத்தில் சிலுவை போட்ட தமிழ்ப் பெண் ஒருத்தி ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

“பட்டியலை இப்பவே எடுத்துக் குடும்மா.”

“முடியாது லா அக்கா. டைம் செட் பண்ணி வெச்சிருக்கு. நாலு மணிக்கு அதுவே ஓடும்.”

“அதுவா ஓடறது இருக்கட்டும். நீ ஓட்டினா ஓடுமா, ஓடாதா?”

அவள் திரையைப் பார்த்தாள். “ஓடும். ஆனா யாரும் ஓட்டினதில்ல. இப்ப ஓட்டி, நாலு மணிக்கு ஓடாமப் போயிட்டா? ஆஸ்பத்திரி முழுக்க ராத்திரி சாப்பாடு நிக்கும். என் வேலை போயிடும்.”

“அப்ப முடியாதுன்னு சொல்லாத, பயமா இருக்குன்னு சொல்லு. மெஷினுக்கு ஒண்ணும் இல்ல, உனக்குத்தான்.”

“உங்களுக்கு என்னக்கா, தட்டு தள்ற வேலை.”

“தள்ளத்தான் தட்டு இல்லையே! அழுத்து. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

சிலுவையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தட்டினாள். அச்சு இயந்திரம் கிறீச்சிட்டது. நான் ஒரு பெயருக்காகப் போனேன். புதிதாக வந்தது ஒன்பது. பத்து மணிக்குப் பிறகு சாப்பிடலாம் என்று மாறியவர்கள் எல்லோரும் வாயைத் திறக்காமல் படுத்துக் கிடந்திருக்கிறார்கள்.

ஒன்பது தட்டும் கொடுத்து முடிப்பதற்குள் சமையலறை சூப்பர்வைசர் வந்துவிட்டார். “படிக்காதவளுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்? நாலு மணிக்கு ஓடலேன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

என் வேலை மூன்று மணியோடு முடிந்தது. நான் கிளம்பவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே அந்தப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சரியாக நாலு மணி. யாரும் தொடவில்லை. இயந்திரம் தானாகக் கிறீச்சிட்டு, தினமும் போல முழுப் பட்டியலையும் தள்ளியது. அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் விடவில்லை. மறுநாள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொண்டு வந்தார். நான் தப்புச் செய்தேன் என்று அதில் இருந்ததாம்.

“வாசிச்சுக் காட்டுங்க சார்.”

“அதுக்கெல்லாம் நேரமில்ல. கையெழுத்துப் போடு.”

“வாசிச்சுக் காட்டாததுல போடமாட்டேன்.”

மூன்று தரம் வந்தார். போடவில்லை. வேலையும் போகவில்லை. அதற்குப் பிறகு நர்ஸ் கேட்டால் மதியத்திலும் அந்தப் பெண் பட்டியல் ஓட்டினாள். யாரும் அதற்கு ஆணை போடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

எழுதியதை இப்போது வாசி கண்ணு. மெதுவாக, ஒரு வரி விடாமல் வாசி. சரியாக இருந்தால் கீழே நானே கையெழுத்துப் போடுகிறேன்.