உச்சிக்குப் போகுமுன் விசாரித்தது

என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். மில் வாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும். பத்து வருடமாக ஷிப்டு முடிந்து வெளியே வரும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து, அதன் உச்சியில் ஒருநாள் ஏறி நிற்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எண்பதுகளின் கடைசியில், ஆயுத பூஜைக்கு மில் இரண்டு நாள் லீவு விட்டபோது போவதென்று முடிவானது. கூட வர அதே மில்லின் பிட்டர் ஒருவர் சம்மதித்தார். செட்டியார்பட்டிக்காரர். கலியாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

இருவருக்கும் ஷிப்டு இருந்ததால், பாதை எப்படி, மழை எப்படி என்று விசாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் அப்போது மம்சாபுரத்தில் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை ஆபீசுக்குப் போனேன். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர், எதற்காகப் போகிறோம் என்று கேட்டார்.

“சும்மா பாக்கத்தான் சார்.”

“கீழ இருந்தே நல்லா தெரியுதேம்மா” என்றார். இருந்தாலும் அனுமதி எழுதிக் கொடுத்தார்.

அடுத்து வனக் காவலரைப் பிடித்தேன். யானை வடக்குப் பக்கம் நகர்ந்துவிட்டதாம். பெரிய பாறை வரைக்கும் தடம் சுத்தமாக இருக்கிறதாம். அதற்கு மேலே எப்படி என்று கேட்டேன். “அதுக்கு மேல நான் போனதில்ல டீச்சர். அங்க என்ன சோலி?” என்றார்.

மழையைப் பற்றி ரேடியோ கேட்டேன். தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம் என்றார்கள். அந்த ஓரிரு இடங்களில் நாங்கள் உண்டா என்பதைச் சொல்லவில்லை.

கடைசியாக, என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மாவைக் கேட்டேன். விளக்குமாற்றுப் புல் அறுக்க மலைக்குப் போய்வருகிறவள். அவள் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னாள். “வானத்தப் பாக்காதிய டீச்சர். ஓடையப் பாருங்க. தண்ணி கலங்கி, சருகு அடிச்சுட்டு வந்தா மேல எங்கயோ பெய்யுதுன்னு அர்த்தம். அப்ப நிக்கப்படாது.”

இவ்வளவும் விசாரித்தவளை விட்டுவிட்டுப் போவது சரியில்லை என்று நானும் கிளம்பிவிட்டேன். புளியோதரை டப்பா என் பையில் இருந்தது.

விடிந்தும் விடியாமலும் அய்யனார் கோவில் ஆற்றைக் கடந்தோம். கோவில் அக்கரையில், மலைப் பக்கம். தண்ணீர் கணுக்காலளவு. மேலே போகப் போக அதே ஆறு ஓடையாக இன்னொரு முறை குறுக்கிட்டது. அதையும் தாண்டி, காலை பத்து மணிக்குப் பெரிய பாறைக்கு வந்தோம். உச்சி பக்கத்தில் தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஏறினால் போதும் என்றார் பிட்டர். பாறைக்குக் கீழே ஓடை ஓடியது. நான் முகம் கழுவக் குனிந்தேன். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. சருகுகள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தன.

“திரும்பிருவோம்” என்றேன்.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பிட்டர் சிரித்தார். “அக்கா, வானம் வெளுத்துக் கெடக்கு. நீங்க செத்த நேரம் இங்கன இருங்க. நான் ஓடிப்போய் பாத்துட்டு வாரேன்.”

“ஏலே, சொன்னாக் கேளு” என்றார் என் கணவர். ஆனால் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. பிட்டர் ஏறத் தொடங்கிவிட்டார். என் கணவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துவிட்டு இறங்க ஆரம்பித்தார்.

ஓடையைத் தாண்டும்போது முழங்காலுக்கு மேல் இழுத்தது. கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது, நேர்த்திக்கடனுக்குப் பொங்கல் வைக்க வந்த குடும்பம் ஒன்று அடுப்பு மூட்டியிருந்தது. முதலில் சத்தம்தான் வந்தது, லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. அப்புறம் ஆறு வந்தது. வேரோடு ஒரு மரம் எங்களைக் கடந்து போனது. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதுவரை என்னிடம் பேசாமல் வந்த என் கணவர், “அவன் மேட்டுலதான இருப்பான்?” என்றார்.

சாயங்காலம் தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்ததும், வனக் காவலர் அக்கரையிலிருந்து கயிறு போட்டு எங்கள் எல்லோரையும் கடத்திவிட்டார். விடிந்ததும் மேலே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். நாங்கள் அப்படியே ஈரத்துணியோடு செட்டியார்பட்டிக்குப் போனோம். பிட்டரின் மனைவி வாசலுக்கு வந்து எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“அவிய எங்கக்கா?”

“மேல இருக்காரு.”

“மேலன்னா?”

“மலையில. ஆத்துல வெள்ளம். காலைல வந்துருவாரு.”

அவள் அழவில்லை. “சாப்பிட ஏதும் வச்சிருக்காவளா?” என்று கேட்டாள். பையில் டப்பா கனத்தது. “புளியோதரை கொண்டு போயிருக்காரு” என்று சொல்லிவிட்டேன். பதினைந்து வருட டீச்சர் வேலையில் நான் அவ்வளவு வேகமாகப் பொய் சொன்னதில்லை. அன்று அங்கேயே தங்கினோம். மூவரும் தூங்கவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்குக் காவலரோடு அவர் வந்தார். சட்டை கிழிந்து, காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம். ஒரு பாறைப் பொந்தில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்திருக்கிறார். உச்சியைப் பார்த்தாயா என்று என் கணவர் கேட்டார்.

“போகப் போக ஒரே மேகம்ணே. கை நீட்டுனா கை தெரியல. அதுக்கு மேல ஏற எடமில்ல. அதனால அதுதான் உச்சின்னு நெனைச்சேன்.”

அவர் மனைவி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, “புளியோதரை பத்துச்சா?” என்றாள்.

“எந்தப் புளியோதரை?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

ஒரு வாரம் அவருக்குக் காய்ச்சல். நான் இரண்டு முறை பார்க்கப் போனேன். முதல் முறை அவள் என்னிடம் பேசவில்லை. இரண்டாவது முறை காப்பி கொடுத்தாள்.