வண்டி நின்ற பிறகு எழும்புகிறவன்

சென்னையின் மெட்ரோ ரயிலைப் பற்றி எங்கள் ஊரான கொட்டாரத்தில் நான் ஆறேழு வருடங்கள் இலவச ஆலோசனை வழங்கியிருக்கிறேன். அந்த ஆறேழு வருடத்தில் ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை என்பதை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

அலுவலக வேலையாகச் சென்னைக்குப் போனபோது பஸ் ஜன்னல் வழியே முதலில் ஒரு பள்ளத்தைப் பார்த்தேன். மறுமுறை தகரத் தடுப்பு. அதற்கடுத்த முறை தூண். பிறகு தூணின் தலையில் பாலம். பக்கத்து வீட்டுக் குழந்தை வளர்வதைப் பார்ப்பதுபோல எனக்கு அதன்மேல் ஒரு வாஞ்சை வந்துவிட்டது. நீல வழியும் பச்சை வழியும் போட்ட வரைபடத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இரண்டாம் கட்டம் என்று மேலும் சில வழிகளை அறிவித்தபோது வரைபடம் அடுத்த கதவுக்கும் பரவியது. மனைவி தன் சேலைகளை வேறு அலமாரிக்கு மாற்றிக்கொண்டாள்.

சென்னைக்குப் போகிறவர்கள் டீக்கடையில் என்னிடம் வழி கேட்பார்கள். எங்கே ஏறி எங்கே மாறவேண்டும் என்று நிலையங்களை வரிசையாக ஒப்பிப்பேன். திரும்பி வந்து யாரும் குறை சொன்னதில்லை. அவர்கள் ஆட்டோவில் போயிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போது வரவில்லை.

இந்த நிலையில்தான் அக்காவின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. பெண்ணுக்குச் சென்னையில் வேலை, மாப்பிள்ளைக்கும் அங்கேதான். மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மண்டபம். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். பெண் வீட்டுத் தட்டைத் தாய்மாமன் எடுத்துக் கொடுக்கவேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

நாஞ்சில் நாட்டில் எங்கள் ஆட்களுக்கு ஒரு காலத்தில் மருமக்கள்வழி, அதாவது மாமன் சொத்து சகோதரி பிள்ளைகளுக்கு. வயல், வீடு, சாவிக்கொத்து, அதட்டல் எல்லாம் மாமனுடையது. சட்டம் மாறி, அதெல்லாம் போய், மாமனுக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தட்டு ஒன்றுதான். ஆகவே அதை நான் யார் கையிலும் கொடுப்பதாக இல்லை. வெற்றிலை, பாக்கு, மட்டி வாழைப்பழம், நிச்சயப் புடவை எல்லாவற்றையும் தட்டோடு ஒரு பையில் போட்டு, ஊரிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மற்ற சொந்தக்காரர்கள் முந்தின நாளே வேனில் போய்விட்டார்கள். அக்கா, அத்தான், நான் மூவரும் ரயிலில் வந்து, எழும்பூர் லாட்ஜில் குளித்து உடைமாற்றினோம். மாப்பிள்ளை வீட்டார் கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இரண்டாம் கட்டத்துக்காகச் சாலைகளைத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள், கார் எங்காவது மாட்டிக்கொள்ளும், மெட்ரோவுக்கு சிக்னலே கிடையாது என்று விளக்கினேன்.

“கார் வருதுன்னா கார்ல போவோம் மக்கா. நல்ல காரியத்துக்குப் போறோம்,” என்றாள் அக்கா.

“அவன் பீரோவைத் தெறந்து வச்சுப் படிச்சவனாக்கும், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார் அத்தான். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் ரயில் அருமையாக இருந்தது. குளிர்ச்சி, சுத்தம், ஆட்டமே இல்லை. நான் கட்டியதுபோலப் பெருமையாக இருந்தது. இனி எந்த வழி எங்கே வரப்போகிறது என்று அத்தானுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, இறங்கவேண்டிய நிலையத்தின் பெயரை அறிவித்தார்கள். அக்கா உடனே எழுந்து அத்தானையும் கிளப்பிக்கொண்டு கதவருகே போய் நின்றாள். என்னையும் கூப்பிட்டாள்.

“வண்டி நிக்கட்டும் அக்கா,” என்றேன். “பெறவு எழும்பினா போதும்.”

இதைக் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரன் மட்டும்தான் சொல்லமுடியும். எங்கள் பக்கத்தில் தண்டவாளம் முடிந்துவிடும், அப்பால் கடல். வண்டி நின்ற பிறகுதான் நாங்கள் போர்வையை மடிப்போம், தலை சீவுவோம், சீட்டுக்கு அடியில் ஏதாவது விட்டுவிட்டோமா என்று குனிந்து பார்ப்போம். எழும்பூரும் எங்களுக்குக் கடைசி நிலையம்தான். நடுவில் இறங்கிப் பழக்கமே இல்லை.

வண்டி நின்றது. நான் எழுந்தேன். வேட்டியைச் சரிசெய்தேன். பையை எடுத்தேன். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தேன். நிமிர்ந்தபோது கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான்.

மணி பத்து. தட்டு என்னிடம். அக்காவின் போனும் அதே பையில். அத்தான் தன்னுடையதை லாட்ஜில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தார். அடுத்த நிலையத்தில் குதித்து இறங்கி, நகரும் படியில் மூச்சுவாங்க ஓடி மேலே வந்தேன். நான்கு பக்கமும் அம்புக்குறிகள். பீரோ கதவில் இதெல்லாம் இல்லை. காவலுக்கு நின்ற பெண்ணிடம் நிலைமையைச் சொன்னேன். என் நாகர்கோவில் பேச்சைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

“ஊரு நாரோயில் பக்கமா அண்ணாச்சி?”

“கொட்டாரமாக்கும்.”

“எனக்குக் குழித்துறை. நீங்க மேல ஏறி வந்திருக்கவே வேண்டாம். திரும்பிப் போற வண்டி அதே பிளாட்பாரத்துல எதிர்ப்பக்கம் வரும். ஏறினா உக்காராதீங்க, கதவுகிட்டயே நில்லுங்க, கேட்டேளா?”

கேட்டேன். ஒரே ஒரு நிலையத் தூரத்துக்கு, காலியாகக் கிடந்த இருக்கைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூக்கு கதவில் படுகிற மாதிரி நின்று வந்தேன்.

அக்கா அதே இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. பையை வாங்கித் திறந்து, பழம் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். நாம் முன்னால் போய் மண்டபத்தில் வேறு தட்டு வாங்கி வைப்போம், நேரம் போகிறது என்று தான் சொல்லிப்பார்த்ததாக அத்தான் பிறகு என்னிடம் சொன்னார். அதற்கு அக்கா சொன்னாளாம்: “தட்டு கடையில கெடைக்கும். தம்பிக்கு எங்க போவேன்? அவன் வரட்டு.”

மண்டபத்துக்கு அரை ஓட்டமாகப் போனோம். ராகுகாலத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வியர்வை வழிய நான் தட்டை எடுத்துக் கொடுத்தேன். தாய்மாமன் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார் என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ நெகிழ்ந்ததாகக் கேள்வி. நான் மறுக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வந்தபோது எனக்குத் தெம்பு திரும்பிவிட்டது. புதிதாகப் போடும் வழி ஒன்று மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனைக்கே வரப்போகிறது என்றும், அது முடிந்தால் எழும்பூரிலிருந்து மருமகள் வீட்டு வாசலுக்கே வந்து இறங்கலாம் என்றும் பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அக்கா இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “நல்லதா போச்சு மக்கா. அது கெட்டி முடியதுக்குள்ள நீ எழும்பி நிக்கப் படிச்சிரு.”