மான் வேட்டை சனிக்கிழமையில் கொதித்த பூயா

மார்லிஸ் டெல்ஃபோஸுக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளைத் தெரிந்தவர்கள் என்னைப் பொய்க்காரி என்பார்கள். எங்கள் மருத்துவமனையில் பயிற்சி டாக்டர்களின் அலுவலகத்தில் அவளுக்கும் எனக்கும் எதிரெதிர் மேஜை. அவள் ஒருங்கிணைப்பாளர். நான் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை நேரம் போட்டுக் கொடுத்து, அவர்களிடமே திட்டு வாங்குகிறவள்.

மார்லிஸ் பிறந்தது செயின்ட் ஓடிலில், ஒரு பால் பண்ணையில். நகரத்திலிருந்து வளைகுடா ஓரமாகவே ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்த ஊர் வரும். இளம் வயதில் மருத்துவமனைத் தொலைபேசியில் இணைப்புக் கொடுக்க வந்தவள், மெல்ல மெல்ல எங்கள் அறைக்கு ஏறி வந்தாள். ஒவ்வொரு ஜூலையும் டெக்சாஸிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் பனி கொட்டும் எங்கள் வட மாநிலத்துக்குப் புது டாக்டர்கள் மெல்லிசுச் சட்டையோடு வந்து இறங்குவார்கள். யார் வீட்டில் மாடி காலி, பனிக்கால டயர் எங்கே மலிவு, யாருடைய பழைய கோட்டு யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பது எல்லாம் அவள் வேலைதான். யாரும் அவளை அதைச் செய்யச் சொன்னதில்லை. "டாக்டரய்யா, இந்தச் செருப்போட ஜனவரியில நடந்தீங்கன்னா உங்க கால் விரலை நீங்களே வெட்டி எடுக்க வேண்டி வரும்" என்று முதல் நாளே மிரட்டிவிடுவாள்.

அந்த வருஷம் மூன்றாம் ஆண்டுக் குடும்ப மருத்துவப் பயிற்சியில் கலியா தாவ் என்று ஒரு பெண் இருந்தாள். போருக்குத் தப்பி வந்து இங்கே குடியேறிய ஹ்மாங் மலை ஜனத்து வீட்டுப் பெண். அவள் அப்பா செயின்ட் ஓடில் பாலாடைக்கட்டி ஆலையில் வேலை செய்தார். அந்த ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவ அறுவை செய்துவந்த கிழட்டு டாக்டர் கோடையில் ஓய்வு பெறப் போகிறார் என்றும், வேறு ஆள் கிடைக்காவிட்டால் பிரசவப் பிரிவை மூடிவிடுவார்கள் என்றும் செய்தி வந்தது. "நான் போறேன்" என்றாள் கலியா. போக ஆசை இருந்தது, கைப்பழக்கம்தான் போதாது. எங்கள் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறக்கும் பிரசவம் வந்தால், அதற்கென்றே படிக்கும் பயிற்சி டாக்டர்கள் முதல் வரிசையில் நிற்பார்கள். கலியா பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

மார்லிஸுக்கு அந்தப் பிரிவு வெறும் செய்தி இல்லை. முன்பொரு குளிர்காலத்தில் டாக்டர் இல்லாமல் அது மூடிக் கிடந்தபோது, அவள் தங்கை ஜனெல் வலியோடு நகரத்துக்குக் கிளம்பினாள். பாதி வழியில் பனிப்புயல். தங்கை பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அதற்குப் பேர்கூட வைத்திருந்தார்கள். இதை மார்லிஸ் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

மலாவியில் ஒரு மலையோர ஆஸ்பத்திரியோடு எங்களுக்குப் பழக்கம் உண்டு. அங்கே இருந்த தலைமை டாக்டரம்மா ஒரு ஜோடிக் கை கூடுதலாகக் கிடைத்தால் போதும் என்று எழுதிக்கொண்டே இருப்பார். இங்கே ஒரு வருஷத்தில் பார்க்கிற அறுவையை அங்கே ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம், அதுவும் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பார். இரண்டு மாதம் போய்வந்தால் கலியாவின் கை பழகிவிடும். அதற்கு அனுமதி கேட்டு, பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் குழுவின் முன்னால் போய் நின்றாள் மார்லிஸ்.

குழுத் தலைவர் டாக்டர் பார்ட்லெட் கெட்ட மனிதர் இல்லை. கைதான் இறுக்கம்.

"மார்லிஸம்மா, நான் என்ன வேணாம்னா சொல்றேன்? பயிற்சி டாக்டருக்காக அரசாங்கம் நமக்குத் தர்ற பணம், அவங்க நம்ம கூரைக்குக் கீழ நின்னாத்தான். வெளிய போன மாசத்துக்கு ஒரு காசு வராது. சம்பளம் மட்டும் நாம குடுக்கணும். விமானச் செலவு வேற."

"அவ கத்துக்கிட்டு வர்றது நம்ம ஜனத்துக்குத்தானே டாக்டரய்யா?"

"ஜனத்துக்குத்தான். வரவு செலவுல ஜனத்துக்கு இடமில்லையே. வெளியிலேருந்து பதினாலாயிரம் டாலர் கொண்டு வாங்க, நவம்பர்ல நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தின திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன். அதைத் தாண்டினா ஜனவரி அட்டவணை பூட்டிரும்."

மார்லிஸ் யோசிக்கவே இல்லை. "பூயா காய்ச்சிடுவோம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடக் கூரை ஒழுகினாலும் சரி, யாருக்காவது புற்றுநோய் வந்தாலும் சரி, பூயா என்கிற கெட்டி சூப்பைக் காய்ச்சி விற்றுத்தான் பணம் சேர்ப்போம். கோழி, மாட்டு வால், வெங்காயம், முட்டைக்கோஸ், கேரட் என்று எல்லாவற்றையும் ஆள் உட்காரும் அளவு இரும்புத் தொட்டியில் கொட்டி, படகுத் துடுப்பு மாதிரி ஒன்றால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். விடியுமுன் அடுப்பு மூட்டுவார்கள். ஜனங்கள் வீட்டிலிருந்து ஐஸ்கிரீம் வாளியைக் கொண்டுவந்து வாங்கிப் போவார்கள். பண்ணைக்காரர்கள் கோழி கொடுப்பார்கள், கடைக்காரன் காய்கறி கொடுப்பான். ஆனால் துடுப்பு மட்டும் ஆம்பிளைகள் கையில்தான். அதுவும் செயின்ட் ஓடிலில் நார்பர்ட் ஜாடின் என்கிற மனிதர் கையில்.

தேவாலயக் கூடத்துக்கு மார்லிஸ் போன் போட்டாள். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை காலியாக இருந்தது. "பார்த்தியாடி, கடவுளே ஒதுக்கி வெச்சிருக்கார்" என்று என்னிடம் குதித்தாள். அன்றே சுவரொட்டி அடித்து, கடை கடையாக ஒட்டியும் விட்டாள்.

தொட்டிகளைப் பூட்டி வைத்திருக்கும் அறையின் சாவி வாங்க நார்பர்டிடம் போனபோது நானும் கூட இருந்தேன். அவர் கொட்டகையில் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தேதியைக் கேட்டதும் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"ஏம்மா மார்லிஸ், உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அது மான் வேட்டை தொடங்குற சனிக்கிழமை!"

மார்லிஸ் முகம் சுண்ணாம்பானது. அந்தச் சனிக்கிழமை எங்கள் மாவட்டத்தில் எவனும் கல்யாணம் வைக்க மாட்டான். வைத்தால் மாப்பிள்ளையே வர மாட்டான். பால் கறக்கிறவனிலிருந்து நீதிபதி வரை ஆரஞ்சு கோட்டு மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவான். இங்கே பிறந்து வளர்ந்தவள் இதை எப்படி மறப்பாள் என்று கேட்பீர்கள். அவள் கணவன் ஜீன் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஆள். மாவட்டத்திலேயே வேட்டைக்குப் போகாத ஒரே புருஷனைத் தேடிப் பிடித்துக் கட்டியவள் அவள். கூடம் ஏன் காலியாக இருந்தது என்று அவளுக்கு உறைக்கவில்லை.

"நீங்க ஒரு நாள் மட்டும் இருந்து கிண்டிக் குடுங்கண்ணே. மத்தியானமே காட்டுக்குப் போயிரலாம்."

"தொடக்க நாளா? ஐம்பது வருஷமா ஒண்ணுகூட விட்டதில்ல. என் கல்யாண வருஷத்துலகூட விடல." சாவியை எடுத்து நீட்டினார். "தொட்டி வேணுமா, எடுத்துக்க. ஆனா துடுப்பு பொம்பள கைக்குப் போனா அடிப்பிடிச்சிரும். திங்கக்கிழமை வந்து சுரண்டித் தர்றேன், கவலப்படாத."

காரில் ஏறியதும் மார்லிஸ் கதவை அறைந்து சாத்தினாள். பிறகு ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினாள். "சுரண்டித் தர்றானாம்! அவன் மூஞ்சி!" எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. தேதியை மாற்ற வழியில்லை, திங்கட்கிழமைக்குள் பணம் வேண்டும்.

மாலையில் கலியாவின் அம்மா யேர் வாங்கிடமிருந்து போன் வந்தது. "உங்களுக்குக் கிண்ட ஆள் இல்லையாமே? எங்க வீட்டுச் சாவுக்கு மூணு நாள், ஐந்நூறு பேருக்குச் சமைச்சிருக்கோம் அக்கா. எத்தனை தொட்டி?"

சனிக்கிழமை விடியுமுன் கூடத்தின் பின்வாசலில் யேர் வாங்கோடு அவள் நாத்தனார்களும் கம்பளிக் குல்லாயோடு வந்து நின்றார்கள். ஜனெல் வந்தாள். நானும் வந்தேன். மூன்று தொட்டிக்கும் அடுப்பு மூட்டினோம். வாழ்நாளில் முதல் தடவையாக மார்லிஸ் துடுப்பைத் தொட்டிக்குள் விட்டாள். அது அவளைவிட உயரம்.

"அடியிலேருந்து கிண்டுங்க அக்கா, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி மேல மேல தடவாதீங்க" என்றாள் யேர் வாங்.

"நீ பைக்குள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்க? எலுமிச்சைப் புல்லா? அதைப் போட்டே, பாதிரியார் என்னை மண்டி போட வெச்சிருவார்!" என்றாள் மார்லிஸ்.

"ஒரு தொட்டியில மட்டும்?"

"சரி, ஓரத்துத் தொட்டியில. நான் பார்க்கல."

கதவைத் திறக்கும் நேரம் வந்தது. வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்த நான் அப்படியே நின்றுவிட்டேன். வரிசை தேவாலயத்தைச் சுற்றி, கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, நெடுஞ்சாலை வரை போயிருந்தது. எல்லாம் பெண்கள். எல்லார் கையிலும் வாளி. புருஷன்மார் எல்லாம் காட்டில். வீட்டில் அன்றைக்கு எவள் அடுப்பு பற்ற வைப்பாள்? எத்தனையோ வருஷமாக அந்தச் சனிக்கிழமையில் இவர்களுக்கென்று ஒருவரும் ஒன்றும் நடத்தியதில்லை. மார்லிஸ் தெரியாமல் செய்த தப்பு, பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையானது.

எதற்கு இந்தப் பூயா என்று சுவரொட்டியில் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் அதைத்தான் பேசினார்கள். "எனக்கு மூணும் அங்கதான் பொறந்துச்சு." "என் மக மாசமா இருக்கா, அதை மூடிட்டா பனியில நான் எங்க கூட்டிட்டு ஓடுவேன்?" கலியா கரண்டி போட்டு ஊற்ற, அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஏதோ கைராசி பார்ப்பது போல.

மத்தியானத்துக்கு முன்பே மூன்று தொட்டியும் வழித்தெடுத்த மாதிரி ஆகிவிட்டது. எலுமிச்சைப் புல் போட்ட தொட்டிதான் முதலில் தீர்ந்தது. பணத்தைப் பார்த்தோம். பதினோராயிரம் சொச்சம். மார்லிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இன்னும் பாதி வரிசை வாசலில் நிற்கிறது, ஊற்ற ஒரு சொட்டு இல்லை.

அவளே எழுந்து போய்ச் சொன்னாள். "அம்மாமாரே, தீர்ந்து போச்சு. மன்னிச்சிருங்க."

முன்னால் நின்ற ஒரு கிழவி தன் காலி வாளியைப் பார்த்தாள், மார்லிஸைப் பார்த்தாள். "அடுத்த வருஷமும் இதே சனிக்கிழமைதானே?"

மார்லிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

"அப்ப என் வாளிக்கு முன்பணம் பிடி." நோட்டை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் நீட்டினாள். அதற்குப் பின்னால் நின்றவளும். ஒருத்தியும் வரிசையை விட்டுப் போகவில்லை. சூப்பே இல்லாத வரிசை அரை மணி நேரம் நகர்ந்தது. நான் அழுதேன், அதை ஒளிப்பானேன்.

திங்கட்கிழமை மார்லிஸ் ஐஸ்கிரீம் வாளியோடு குழு அறைக்குள் போய், பளபளக்கும் மேஜை மேல் அதை டொக்கென்று வைத்தாள்.

பார்ட்லெட் மூடியைத் திறந்து பார்த்தார். "இது... வெங்காய வாசனை அடிக்குதே."

"எண்ணிப் பார்த்துட்டு வாசனையைப் பத்திப் பேசுங்க டாக்டரய்யா."

எண்ணினார்கள். கேட்டதற்கு மேலேயே இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார். சும்மா சொல்லக்கூடாது, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் பையிலிருந்தும் ஒரு நோட்டை எடுத்து வாளிக்குள் போட்டார். "அடுத்த வருஷம் எனக்கும் ஒரு வாளி" என்றார்.

ஜனவரியில் கலியா மலாவி போனாள். முதல் வாரம் அழுகையோடு பேசினாள், மழையும் தூக்கமின்மையும். ஒரு மாதம் கழித்துக் குரலே மாறியிருந்தது. "மார்லிஸம்மா, இன்னைக்கு டாக்டரம்மா என் பக்கத்துல நிக்கல. கதவுகிட்ட நாற்காலி போட்டு டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றாள். அதைவிடப் பெரிய பட்டம் எதுவும் வேண்டாம். ஜூலையில் செயின்ட் ஓடிலில் சேர்ந்தாள். பிரிவை மூடவில்லை.

நவம்பர் தொடக்கத்தில், பருவத்துக்கு முன்பே, ஒரு புயல் வந்தது. நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டியே புதைந்து கிடந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு டிராக்டரில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நார்பர்ட் ஜாடினின் மகள் கிறிஸ்டா. ஓட்டி வந்தது நார்பர்ட்தான். குழந்தை குறுக்கே கிடந்தது, துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது, நகரத்துக்குப் போக வழியில்லை. கலியா ஒரு வார்த்தைகூட வீணாக்கவில்லை என்று பிறகு அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். அறுவை அறைக்கு வெளியே நார்பர்ட் குல்லாயைக் கையில் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார். உள்ளே இருந்து குழந்தை வீலென்று கத்திய சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டதாம். பெண் குழந்தை. தாயும் சுகம்.

அது நடந்து இரண்டு வாரத்தில் மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை வந்தது. இந்தத் தடவை ஐந்து தொட்டி, ஏனென்றால் இந்த வருஷம் இரண்டு பயிற்சி டாக்டர்களை அனுப்ப வேண்டும். விடியுமுன் நாங்கள் கூடத்துக்குப் போனால், பூட்டிய கதவின் முன்னால் ஆரஞ்சு கோட்டோடு ஒரு ஆள் நிற்கிறார்.

"என்ன அண்ணே, வழி தப்பிட்டீங்களா? காடு அந்தப் பக்கம்" என்றாள் மார்லிஸ்.

நார்பர்ட் காலால் பனியைத் தள்ளினார். "மான் எங்கயும் போயிராது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "துடுப்பைக் குடும்மா. கிண்டுறேன்."

மார்லிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். எனக்குத் தெரியும், அந்த வாய் சும்மா இருக்காது. கதவைத் திறந்து, ஒரு மூட்டை வெங்காயத்தை அவர் காலடியில் இழுத்துப் போட்டாள்.

"மொதல்ல இதை உரிங்க. துடுப்பு அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஐம்பது வருஷமாகத் துடுப்பையும் தொடக்க நாளையும் விட்டுக்கொடுக்காத மனிதர், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். யேர் வாங்குக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பொடிசா நறுக்கணுமா, பெருசாவா?" என்று கேட்டார்.