வாசற்படியில் வைத்த ஈர இலை

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கழித்துப் போட்ட, தண்ணீரில் சுற்றிக் கரண்டு எடுக்கும் சின்ன டர்பைன் ஒன்றைத் தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கி, வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஆட்களே ஓடைப் பக்கம் பூட்டியிருந்தார்கள். வீட்டுக்கு ஒற்றை அறைதான், அந்தக் காம்பராவுக்கு ஒரு பல்பு. அதற்கே அவ்வளவு பெருமை எங்களுக்கு.

மலை மேல் காட்டு ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் இறக்கியிருந்தோம். அதன் முகப்பில் ஒரு கம்பி வலை. அதில் அடைகிற இலையைத் தினமும் அந்தியில் அள்ள வேண்டும். வீட்டுக்கு ஒரு நாள் முறை. அள்ளியவர் ஒரு கை ஈர இலையைக் கொண்டுவந்து அடுத்த வீட்டு வாசற்படியில் வைப்பார். போய் வந்ததற்கு அதுதான் சாட்சி. இலை யார் படியில் இருக்கிறதோ, பொறுப்பும் அவருடையது.

என் முறை வந்த அன்று விடியற்காலையிலிருந்து மழை. பறித்த கொழுந்தை எடை நிறுத்து முடித்தபோது முதுகு விட்டுப்போயிருந்தது. மறுபடி மலையேற உடம்பில் தெம்பில்லை. ஒரு நாள்தானே என்று, லயத்துக்குக் கீழே டர்ப்பன்டைன் மரத்தடியில் கிடந்த இலையை அள்ளி, பக்கத்து வீட்டு அக்காவின் படியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாளும் விடாத மழை. இரண்டு நாள் இலையும் சேர்ந்து வலை அடைத்து, மத்தியானத்துக்குள் தண்ணீர் பொங்கி வாய்க்கால் கரையையே அறுத்துக்கொண்டு போய்விட்டது. காலையிலேயே ஏறிப் பார்த்திருக்க வேண்டாமா என்று பழி முழுக்க அக்கா மேல் விழுந்தது. கரை கட்டியதும் அவர் வீட்டுக் கரண்டுக் கம்பியை ஒரு மாதத்துக்குக் கழற்றிவிடச் சொன்னார் லயத்துத் தலைவர். அக்காவுக்கு இளைப்பு நோய். மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புப் புகை ஆகவே ஆகாது. ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

எட்டு நாள், வேலை விட்டு வந்து கல் சுமந்தோம். அக்காவும் மூச்சு வாங்க வாங்கச் சுமந்தார். கடைசி நாள் பொறுக்க முடியாமல் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி. நீ வச்ச எலையில தைல வாசம் அடிச்சிச்சே. மேல காட்டுல ஏது டர்ப்பன்டைன் மரம்?"

"பெறகு ஏங்க்கா சொல்லாம இருந்தீங்க?"

கல்லை இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். "நானும் ரெண்டு தடவ அப்படி வச்சிருக்கேன். அன்னைக்கெல்லாம் மழ பெய்யல, அவ்வளவுதான்."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், எல்லோர் முன்னாலும் என் தவறைச் சொன்னேன். தலைவர் வாயில் வந்தபடி திட்டினார். நாலைந்து பேர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அக்காவின் கம்பி தப்பியது. என் காம்பராவில் ஒரு மாதம் குப்பி லாம்பு புகைந்தது.

இத்தனை வயதான பிறகும் யாரையாவது குறை சொல்ல வாயெடுத்தால், நான் செய்த மற்றத் தவறுகளின்போது பெய்யாமல் என்னைக் காப்பாற்றிய மழைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.