சுட்டால் சுடுகிற கால்

நம்ம மாரியம்மன் தீமிதியில் என்னைப் போல் இறங்கியவன் எவனும் இல்லை. மற்றவர்கள் தீக்குழியில் ஓடுவார்கள். நான் நடுவில் நின்று கும்பிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்தேன்.

அத்தனையும் பக்தி என்று நினைக்காதீர்கள். எனக்குச் சூடே தெரியவில்லை. கால் அதற்கு முன்பே மரத்துப்போயிருந்தது. பீடியால் செத்த கால் என்று தெரியாமல் அதில் விழுந்து திருநீறு வாங்கிய மகராசர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற வேலை. நானும் என் அண்ணனும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்போம். கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நின்று ஒரு பீடி பற்றவைப்பேன். வலிக்கு அதுதான் மருந்தென்று நினைப்பு. தீமிதி முடிந்த பிறகு இடது கால் சுண்டுவிரல் கறுத்தது. நாற்றம் வந்தது. என் மனைவி அஞ்சலை சோற்றுத் தட்டை எட்ட நின்று தள்ளினாள்.

திருச்சி பெரியாஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே கக்கூசுக்குப் பின்னால் போய் பீடி குடித்தேன். அதே வியாதியோடு அதே வார்டில் கிடந்த அண்ணன்தான் தீப்பெட்டி கொடுத்தார். டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, உனக்குக் காலு வேணுமா, பீடி வேணுமா?"

"ரெண்டும் வேணுங்கம்மா."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இழுக்கறப்பல்லாம் காலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்குது. ஒண்ணே ஒண்ணு குடிச்சாலும் சுருங்கும். பொகையில இருக்கற நிகோடின் உன் மூளைய அடிமையாக்கி வச்சிருக்கு. அதான் விட முடியல, நீ கெட்டவன்னு இல்ல. விட்டா கொஞ்ச நாளைக்குத் தூக்கம் வராது, எரிச்சலா வரும். அப்புறம் கொறைஞ்சிடும். ஆசை வர்றப்ப தண்ணியக் குடி, யாருகிட்டயாவது பேசிக்கிட்டே இரு. அதுவா அடங்கும்."

அன்றைக்குப் படுக்கையில் அழுதேன். "ஆத்தா, இந்த ஆசைய எடுத்துடு. சுட்டா சுடுதுன்னு தெரியற காலக் குடு."

விடிந்ததும் முதல் நினைப்பு பீடிதான். ஆத்தா ஆசையை எடுக்கவில்லை. பேச்சுத்துணைக்கு அஞ்சலையைத்தான் கொடுத்தாள். வாய் நமநமக்கும் போதெல்லாம் அவளிடம் கண்டதையும் பேசினேன்.

"யோவ், உன் பேச்சக் கேக்கறதுக்கு நானே பீடி குடிச்சுடுவேன் போலருக்கு" என்றாள். ஆனாலும் எழுந்து போகவில்லை.

நடுவில் ஒருமுறை தவறிவிட்டேன். வெட்கத்தோடு டாக்டரம்மாவிடம் போனேன். திட்டவில்லை. "மறுபடி ஆரம்பி" என்றார். புண் ஆறியது.

அடுத்த சித்திரையில் நன்றி சொல்ல இந்தக் கோயிலுக்கு வந்தேன். உச்சி வெயில். தளத்துக் கல்லில் கால் வைத்ததும் துள்ளிக் குதித்தேன். சாமி வந்துவிட்டதென்று கற்பூரம் ஏற்றிவிட்டார்கள்.

"ஆத்தா, எம் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் கூடும்?" என்றது ஒரு அம்மா.

"காலு சுடுதும்மா, தள்ளிக்க!" என்று கத்தினேன். அஞ்சலை மட்டும் ஓவென்று அழுதாள்.

அண்ணனும் இதே ஆத்தாளைத்தான் கேட்டார். இதே டாக்டரம்மா சொன்னதையும் கேட்டார். அதோ உட்கார்ந்திருக்கிற அவருக்கு இன்றைக்கு ரெண்டு காலும் இல்லை. மடியில் பீடிக்கட்டு மட்டும் இருக்கிறது. அவருக்கு ஏன் இரங்கவில்லை என்று ஆத்தாளோடு சண்டை போடுகிறேன். நன்றி சொல்லும்போதே வாய் கசக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அவள் கொடுத்த கால் இது.

மடியில் பீடிக்கட்டு வைத்திருப்பவர்களே, ஆத்தாளைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கும் போங்கள். ஆசை வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் பேசியே...

"டேய் தங்கராசு! வெயிலு மேல வந்துடுச்சுடா. என்னைய நிழலுக்குத் தூக்கி வைடா."

"இந்தா வரேண்ணே!"

கொஞ்சம் வழி விடுங்க. யப்பா, ஆத்தா... என்ன சூடு சுடுது இந்த மண்ணு!